தொலைவை அளந்தவர்

மீஞ்சூரிலிருந்து எண்ணூர் எவ்வளவு தொலைவு எனக் கேட்டால் கிலோமீட்டரில் விடை கூறிவிடலாம். ஒரு மலர்க் கூட்டத்திற்கும் மற்றொன்றிற்கும், ஒரு மக்கள் குழுவிற்கும் மற்றொன்றிற்கும் இடையே உள்ள தொலைவை எதனால் அளப்பது? இவ்வினாவிற்கு விடை கண்டவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

1893 ஜூன் 29 அன்று கொல்கத்தாவில் பிறந்த அவர் கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்றார். 1915இல் அவர் தாயகம் திரும்பவிருந்த கப்பல் போரினால் தாமதமாயிற்று. காத்திருந்த நாள்களில் ‘பயோமெட்ரிகா’ என்னும் புள்ளியியல் இதழ் அவர் கண்ணில் பட்டது. அதன் தொகுதிகளை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படித்தார். கப்பல் உரிய நாளில் புறப்பட்டிருப்பின் அவர் இயற்பியல் ஆசிரியராகவே இருந்துவிட்டிருப்பாரோ என்னவோ!

1920இல் நாகபுரி அறிவியல் மாநாட்டில் விலங்கியலாளர் அன்னண்டேல், கொல்கத்தா ஆங்கிலோ இந்தியரிடம் எடுத்த உடலளவுகளை ஆராயுமாறு அவரிடம் வேண்டினார். அப்பணி அவரை மக்கள் குழுக்களை ஒப்பிடும் ஆய்விற்கு இட்டுச் சென்றது. மனிதரை அளந்து உயர்வு தாழ்வு கற்பிப்பதற்கு அறிவியலின் பெயரைப் பலர் பயன்படுத்திய காலம் அது. மகலனோபிஸின் கணக்கோ வேறொன்றைக் காட்டியது. வங்கப் பிராமணர் பிற மாகாணப் பிராமணரைவிட வங்கத்தின் ஏனைய சாதியினரையே உடலளவில் நெருங்கியிருந்தனர். அளவுகோல் ஒன்றே, அதை எடுத்த கையின் நேர்மையே வேறு.

நீளமும் அகலமும் பெரும்பாலும் சேர்ந்தே வளர்வன. நீளமும் அகலமும் ஒருங்கே மிகுந்த இதழ் வியப்பிற்குரியதன்று. நீண்டும் மிகக் குறுகியும் இருப்பதே விலகி நிற்பது. அளவுகளுக்கிடையேயான இவ்வுறவையும் கணக்கில் கொள்ளும் தொலைவை 1936இல் அவர் வரையறுத்தார். அது ‘மகலனோபிஸ் தொலைவு’ எனப்படுகிறது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் ரொனால்டு ஃபிஷர், தாவரவியலாளர் எட்கர் ஆண்டர்சன் அளந்த 150 ஐரிஸ் மலர்களை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். மூன்று இனங்கள், இனத்திற்கு ஐம்பது மலர்கள். புல்லி இதழ், அல்லி இதழ் ஆகியவற்றின் நீள அகலங்கள் என நான்கே அளவுகள். இன்று கணினிக்கு வகைப்படுத்தக் கற்பிப்போர் பலர் முதலில் எடுப்பது அந்த மலர்களைத்தான். ஃபிஷரும் பின்னர் கொல்கத்தா வந்து மகலனோபிஸின் நிறுவனத்தைக் கண்டார்.

அந்நிறுவனமே 1931இல் தோன்றிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம். மாநிலக் கல்லூரியின் ஓர் அறையில் அது தொடங்கியது. வங்கத்தின் சணல் விளைநிலப் பரப்பை வயல்தோறும் அளவாமல், மாதிரிகளைக் கொண்டே மதிப்பிட வழிகண்டார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வடிவமைப்பிலும் அவர் பங்கு பெரிது. 1972 ஜூன் 28 அன்று, எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் அவர் மறைந்தார். ஜூன் 29 இன்று தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.