உங்க கையில சுத்துற பந்துக்குப் பின்னாடி ஒரு பாரீஸ்காரர்!

டென்னிஸ் பந்து சைஸ்ல ஒரு பிளாஸ்டிக் உருண்டை, உள்ளே ஒரு சக்கரம். கயிற்றைச் சுண்டி இழுத்துவிட்டு மணிக்கட்டை மட்டும் சின்ன வட்டமா சுழற்றினா, பந்து கையை விட்டுத் திமிறும். கொஞ்ச நேரத்துல முன்கை முறுக்கேறிடும். பைக் கிளட்ச், கிரிக்கெட் பேட், ராத்திரி பகலா மொபைல்னு மணிக்கட்டை வதைக்கிற உங்கள்ல சிலர் இந்த கைரோ பந்தை வாங்கி வெச்சிருப்பீங்க. கைரோஸ்கோப்புங்கிற அந்தப் பெயரை வெச்சவர் லியோன் ஃபூக்கோ. (தத்துவம் பேசின மிஷேல் ஃபூக்கோ வேற ஆளு பாஸ்!)

1819-ல் பாரீஸில் பிறந்தவர். அப்பா புத்தகப் பதிப்பாளர். பையன் நோஞ்சான், படிப்பும் சுமார்தான். ஆனா கை மட்டும் சும்மா இருக்காது. குட்டி நீராவி இன்ஜின் வரைக்கும் தானே செஞ்சு பார்ப்பார். இந்தக் கைக்கு சர்ஜன் வேலைதான் சரின்னு மருத்துவம் படிக்கப் போனார். ரத்தத்தைப் பார்த்தா தாங்கலை, விட்டுட்டார். அப்புறம் மைக்ரோஸ்கோப் வகுப்புக்கு உதவியாளர், பத்திரிகையில் அறிவியல் எழுத்தாளர்னு ஓடியது வாழ்க்கை.

1851-ல் வீட்டு நிலவறையில் கம்பி கட்டி ஒரு குண்டைத் தொங்கவிட்டார். அது ஆடும் திசை மெல்ல மெல்லத் திரும்பியது. உண்மையில் திரும்பியது கீழே இருந்த பூமி! அதே வருஷம் பாந்தியோன் கட்டடத்தில் 67 மீட்டர் கம்பி, 28 கிலோ குண்டு. பூமி சுத்துறதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. பெரிய கணிதப் பயிற்சி எதுவும் இல்லாத ஒருத்தர் செஞ்ச வேலை இது.

அவருக்கு அது போதலை. பாரீஸில் அந்த ஊசல் ஒரு முழுச் சுற்று திரும்ப 24 மணி நேரம் இல்லை, சுமார் 32 மணி நேரம் ஆகும். ஏன்னு விளக்கணும்னா கணக்குப் போடணும். நேரடியா காட்ட 1852-ல் இன்னொரு கருவியை வடிவமைத்தார். எந்தப் பக்கமும் தாராளமா திரும்பும் வளையங்களுக்குள் ஒரு கனமான சக்கரம். செய்து கொடுத்தது ஃப்ரோமான் என்பவரின் பட்டறை. வேகமா சுத்திவிட்டா, சக்கரம் தன் திசையை விடாது, பூமிதான் திரும்பும். ஆனா உராய்வு சில நிமிஷத்துல வேகத்தைத் தின்னுடும். அதுக்குள்ள பூமி திரும்புறது ஓரிரு டிகிரிதான். அதனால அதை மைக்ரோஸ்கோப் வெச்சுப் பார்த்தார். சக்கரத்தின் எடை ஒரு துளி ஒரு பக்கம் சாய்ஞ்சாலும் எல்லாம் வீண்.

உங்க பந்துல இருக்கிறதும் அதே பிடிவாதம்தான். சுத்துற சக்கரத்தைச் சாய்க்கப் பார்த்தா, அது வேற பக்கம் திரும்பும். அப்போ அச்சின் முனைகள் ஓரத்துக் காடியில் உரசி உருளும், சக்கரம் இன்னும் வேகமெடுக்கும். நீங்க எவ்வளவு வேகம் கொடுக்கிறீங்களோ, அவ்வளவு எதிர்ப்பு. மணிக்கட்டை அசைக்கிற தசைகள் முன்கையில இருக்கறதால எரிச்சல் அங்கேதான் தெரியும். மெதுவா ஆரம்பிங்க, ரெண்டு கைக்கும் மாத்துங்க. வலிச்சா உடனே நிறுத்துங்க. ஏற்கெனவே வலியோ மரமரப்போ இருந்தா பந்தைத் தொடறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க.

ஃபூக்கோவின் கை அதுக்கப்புறமும் ஓயலை. வெள்ளி பூசிய கண்ணாடியில் தொலைநோக்கி ஆடிகள் செய்தார். 1862-ல் ஒளியின் வேகத்தை நொடிக்கு சுமார் 2,98,000 கி.மீ. என்று அளந்தார். இன்றைய கணக்கு 2,99,792. 1865-ல் அறிவியல் அகாடமி அவரை உறுப்பினராக்கியது.

ரெண்டே வருஷம். 1867-ல் அந்தக் கை மரத்துப்போக ஆரம்பித்தது. அடுத்து பேச்சு, பார்வை. அது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸா இருக்கலாம்னு இன்றைய ஆய்வாளர்கள் நினைக்கிறாங்க. 1868 பிப்ரவரி 11 அன்று இறந்தபோது வயது 48. மோன்மார்த்ர் கல்லறையில் இருக்கிறார்.