மக்பெயில் அம்மையார்

உதடும் அண்ணமும் பிளந்து பிறக்கும் சிசு, பாலை உறிஞ்ச மாட்டாது மெலியும். அக்குறை சாபமன்று, உதட்டைச் சில மாதங்களிலும், அண்ணத்தை ஏறக்குறைய ஓராண்டிலும் ரணசிகிச்சையால் சேர்த்துச் சீராக்கலாம். ஆயினும் சிசுவை எடுத்துவர வேண்டியவள் தாய். வைத்தியசாலையின் வாயிலை மிதிக்க அவள் அஞ்சுவாளாயின், வைத்தியரின் கைத்திறனால் யாது பயன்? வடசென்னைப் பெண்டிரின் அவ்வச்சத்தைப் போக்க உழைத்தோருள் சிறந்தவர் அலெக்ஸாந்திரினா மெட்டில்டா மக்பெயில் அம்மையார்.

இவர் 1860ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஸ்கை தீவில் பிறந்தார். பெண்கள் வைத்தியம் கற்பதே அரிதாயிருந்த அந்நாளில், லண்டன் பெண்கள் வைத்தியக் கல்லூரியில் பயின்று 1887இல் தேறினார். மறு ஆண்டே மிஷன் ஊழியராய்ச் சென்னை அடைந்தார்.

ஆடவரான வைத்தியரிடம் தம் பிணியை உரைக்க நாணி, வீட்டினுள்ளேயே வாடிய பெண்டிர் அக்காலத்தில் பலர். அவர்பொருட்டு இராயபுரத்தில் ஒரு சிறு பங்களாவில் அம்மையார் மருந்துச்சாலை திறந்தார். அது வளர்ந்து, 1914இல் கிறிஸ்டினா ரெய்னி என்னும் மாதரசியின் பெயர்கொண்ட பெரிய வைத்தியசாலையாயிற்று. முதல் உலகப்போரின்போது செர்பிய மக்களுக்கும் தொண்டாற்றிய அம்மையார், பின்னர்ச் சென்னைக்கே மீண்டு பணியைத் தொடர்ந்தார். முதுமையில் தாயகம் திரும்பி, 1946இல் இயற்கை எய்தினார்.

ரெய்னி ஆஸ்பத்திரி இன்றும் நின்று நிலவுகின்றது. குறையுடன் பிறந்த மகவை மறைத்து வையாது, மார்போடணைத்துச் சிகிச்சை நாடிச் செல்லும் இப்பகுதித் தாயின் துணிவுக்கு வித்திட்டோருள் இவ்வம்மையாரும் ஒருவர் என்பதை நாம் மறத்தலாகாது.