கத்தரிக்கோலுடன் அலைந்த கலைஞர்

1899 இல் பேர்லினில் பிறந்த லொட்டே ரைனிகர், கறுப்புத் தாளில் உருவங்களைக் கத்தரித்து, ஒளியூட்டிய கண்ணாடிமேல் சிறிது சிறிதாக நகர்த்திப் படம் பிடித்தவர். 1926 இல் வெளியான அவரது 'இளவரசர் அஹ்மத்தின் சாகசங்கள்', இன்று எஞ்சியுள்ள முழுநீளச் சித்திரப் படங்களுள் மிகப் பழையது.

நாசிகள் ஆட்சியேறியபின் அவரும் கணவர் கார்ல் கோக்கும் ஜேர்மனியை விட்டு வெளியேறினர். நிரந்தர விசா கிட்டாமையால் நாடு நாடாக அலைந்தனர். அலைந்தவாறே படங்களும் எடுத்தனர். போர்க்காலத்தில், நோயுற்ற தாயைப் பராமரிக்க அவர் பேர்லினுக்கே திரும்ப நேர்ந்தது. 1949 இல் இலண்டனில் குடியேறி, தொலைக்காட்சிக்கெனப் பல குறும்படங்கள் ஆக்கினார். எண்பதை அண்மித்த வயதிலும் உழைத்து, 1981 இல் மறைந்தார்.

விசாவுக்காகக் காத்திருக்கும் ஆண்டுகளை வாழ்வின் கணக்கில் சேர்க்கத் தயங்குகிறோம் நாம். அவரோ அவ்வாண்டுகளிலும் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.