திருக்கச்சி நம்பி: மெய்ப்பாடுகளின் வழியே ஒரு வாழ்க்கை

பூவிருந்தவல்லி என்ற அளவிலேயே ஒரு மலர்வனம் மனக்கண்ணில் தோன்றும். அவ்வூரில் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாசித் திங்கள் மிருகசீரிட நாளில், வணிகர் குடியில் தோன்றியவர் திருக்கச்சி நம்பி. உடன்பிறந்தோர் பொருளீட்டுவதில் முனைந்திருக்க, இவர் நந்தவனம் அமைத்து, பூத்த மலர்களைத் தொடுத்துக் காஞ்சிப் பேரருளாளனுக்குச் சுமந்து சென்றார் என்று மரபு கூறும். இன்றைய சாலைக் கணக்கில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு அது. பின்னர்க் காஞ்சியிலேயே தங்கி, வரதருக்குத் திருவாலவட்டம் வீசும் தொண்டை மேற்கொண்டார். வீசுகையில் பெருமாள் அவரோடு உரையாடுவார் என்பது குருபரம்பரை நூல்கள் சொல்லும் செய்தி.

அவ்வுரையாடலின் உண்மையை ஆராய்வது இங்கு நம் நோக்கமன்று. அந்த மனிதரின் உள்ளத்தில் எழுந்த உணர்ச்சிகளே நம்மை ஈர்க்கின்றன.

இளைஞரான இராமாநுசர் தம் ஐயங்களுக்கு விடை வேண்டி நம்பியை நாடினார். வரதர் நம்பியின் வாயிலாக ஆறு வார்த்தைகள் அருளினார். தாமே பரம்பொருள் என்பதில் தொடங்கி, பெரிய நம்பியை ஆசிரியராகக் கொள்க என்பதில் அவை முடிந்தன. இராமாநுசர் முதலில் ஆசிரியராக விரும்பியது திருக்கச்சி நம்பியைத்தான். நம்பியோ தம் பிறப்பைக் காட்டி மறுத்தார். இறைவனோடு பேசுகிறவர் என்று ஊர் போற்றிய ஒருவர், தாம் ஆசிரியராகத் தகாதவர் என்று நம்பியதை எவ்வாறு விளங்கிக்கொள்வது? அதனை அடக்கம் என்று மட்டும் புகழ்ந்து நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆசிரியராக அமையாவிடினும் அவர் உண்ட மிச்சிலையேனும் உண்ண வேண்டும் என்று விரும்பிய இராமாநுசர், அவரை விருந்துக்கு அழைத்தார். அன்று அவரை எதிர்கொள்ள இராமாநுசர் ஒரு தெருவழியே செல்ல, நம்பி மற்றொரு தெருவழியே வந்து சேர்ந்தார், உணவருந்தினார், தொண்டுக்கு நேரமாயிற்று என்று விரைந்து போய்விட்டார். இராமாநுசரின் மனைவி தஞ்சமாம்பாள் எச்சிலிலையை அகற்றி, இடத்தைச் சாணமிட்டு மெழுகி, தாமும் நீராடினார். திரும்பி வந்த கணவர் கண்டது துப்புரவான வெறுந்தரையை.

தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் மூன்றாவது இளிவரல். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கும் அதன் நிலைக்களன்கள். தன்னிடம் கண்டும் பிறரிடம் கண்டும் அது பிறக்கும் என்பர் உரையாசிரியர். 1908-இல் சமூக உளவியல் நூலை வெளியிட்ட மக்டூகல், அருவருத்து ஒதுக்குவதையும் தன்னைத் தாழ்த்திக்கொள்வதையும் இருவேறு இயல்பூக்கங்களாகப் பிரித்தார். தமிழில் இளிவரல் என்னும் ஒரே சொல் இரண்டையும் தாங்குகிறது. அவ்வீட்டில் அன்று நேர்ந்ததை அச்சொல்லே நன்கு விளக்குகிறது. வந்த வழியே தெரியாமல் வந்து, உண்டவுடன் நழுவியவரிடம் இருந்ததும் இளிவரல். சாணமிட்டு மெழுகிய கையில் இருந்ததும் இளிவரல்.

வரலாறு எழுதினோர் பழியை அந்த அம்மையார் மீதே சுமத்தினர். இராமாநுசர் துறவு பூண்டதற்குக் கூறப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்று. அருவருப்பு மனிதருக்கு இயற்கை. அழுகியதையும் நஞ்சையும் விலக்கி உயிர்காக்க அது உதவுகிறது. ஆனால் எதனை அருவருக்க வேண்டும் என்பதைச் சமூகமே கற்பிக்கிறது. தஞ்சமாம்பாள் தமக்குக் கற்பித்தபடி நடந்தார். நம்பியும் தமக்குக் கற்பித்தபடியே ஒதுங்கினார். அப்பாடத்தை மறக்க முயன்றவர் அவ்வீட்டில் ஒருவரே.

நம்பியின் வாழ்வில் மற்றொரு நிகழ்ச்சியும் வைணவர் நாவில் வழங்குவது. இத்தனை காலம் தொண்டு செய்த தமக்கு வீடுபேறு உண்டா என்று அவர் ஒருநாள் வரதரைக் கேட்டார். அவர் வீசியதற்குத் தாம் பேசியது ஈடாயிற்று என்று வரதர் கணக்கைத் தீர்த்துவிட்டாராம். வணிகர் குடியில் பிறந்தவருக்கு வணிகர் மொழியிலேயே விடை கிடைத்தது! அன்பு செலுத்துவோர் உள்ளத்தின் ஓரத்தில் ஒரு பேரேடு ஒளிந்திருப்பதை இக்கதையைக் கட்டியவர்கள் அறிந்திருந்தனர். அடியார்க்குத் தொண்டு செய்தாலன்றி வீடில்லை என்றறிந்த நம்பி, தம்மை யாரென்று காட்டிக்கொள்ளாமல் அத்தொண்டுக்குப் புறப்பட்டார் என்று கதை தொடர்கிறது. வடமொழியில் அவர் பாடிய தேவராச அட்டகம் இன்றும் ஓதப்படுகிறது.

பூவிருந்தவல்லி வரதராசப் பெருமாள் கோயிலில், புஷ்பவல்லித் தாயார் சந்நிதியோடு நம்பிக்கும் தனிச் சந்நிதி உண்டு. அக்கோயிலின் தலவரலாறு அவருடைய முதுமையைப் பற்றியது. காஞ்சிக்கு நடக்கக் கால்கள் மறுத்தபோது, நம்பி வருந்தினார். பூக்கள் செடியிலேயே வாடின. அப்போது வரதரே காஞ்சியிலிருந்து பூவிருந்தவல்லிக்கு வந்து காட்சி தந்தார் என்கிறார்கள். அம்முறை ஆலவட்டம் பற்றியோ கணக்கைப் பற்றியோ பேச்சு எழுந்ததாகக் கதையில் இல்லை.