காது கேளாத இசை வேந்தர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்



2025 மார்ச் 8 அன்று இசைஞானி இளையராஜா அவர்களின் சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது. எங்கள் ஏற்காட்டுத் தேநீர்க் கடைகளிலும் அந்தச் சொல் அடிபட்டது. சிம்பொனி என்றால் என்னவென்று என் தந்தையார் கேட்டார். பட்டப்படிப்புப் படிக்கும் எனக்கும் தெரியவில்லை! வெட்கத்தோடு தேடிப் படித்தேன், கேட்டேன். அவ்வாறு எனக்கு அறிமுகமானவர்தாம் பீத்தோவன்.

இன்றைய ஜெர்மனியிலுள்ள பான் நகரில் 1770-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தை அரசவைப் பாடகர், குடிக்கு அடிமையானவர். சிறு வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றது. பதினெட்டு வயதில் இரு தம்பியரைக் காக்கும் பாரம் தோளில் ஏறியது. 1792-இல் வியன்னா சென்று, பியானோ வாசிப்பில் பெரும்புகழ் பெற்றார்.

அந்தோ! முப்பது வயதாகுமுன்பே அவரது செவித்திறன் குன்றத் தொடங்கியது. இசைவாணர்க்கு இதனினும் கொடுமை உண்டோ? 1802-இல் உயிரை விட்டுவிடவும் எண்ணினார். ஆயினும் தமக்குள் இருக்கும் இசையை எழுதி முடிக்காமல் போகலாகாது என்று மனம் தேறினார். பிற்காலத்தில் அவரிடம் பேச வருவோர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. அந்நிலையில் அவர் படைத்ததே ஒன்பதாவது சிம்பொனி.

பல வாத்தியங்கள் கூடி இசைக்கும் நெடிய படைப்பே சிம்பொனி. பெரும்பாலும் நான்கு பகுதிகள் இருக்கும். வாத்தியங்களுக்கே உரிய அம்மேடையில் பாடகர்களையும் நிறுத்தினார் பீத்தோவன். அதுவே புரட்சி!

ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளுமே என்று புதியவர்கள் அஞ்ச வேண்டாம். முதற்பகுதி, சேர்வராயன் மலைப் பனிமூட்டத்திலிருந்து வருவதுபோல் மெல்லத் தொடங்கி இடியாய் முழங்கும். இரண்டாவதில் முரசு துள்ளும். மூன்றாவது அமைதி. நான்காவதில் முந்திய மூன்றும் கணநேரம் தலைகாட்டி மறையும். பின்பு தாழ்ந்த குரலுடைய தந்தி வாத்தியங்கள் ஓர் எளிய மெட்டைத் தொடங்கும், குழந்தைகூட முணுமுணுக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டால் போதும். மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாய் வந்து சேரும். அதுவரை வாய் திறவாதிருந்த பாடகர் குழு எழுந்து, மனித சகோதரத்துவத்தைப் போற்றும் ஷில்லரின் கவிதையைப் பாடும். நேரில் கேட்கச் செல்வோர் பகுதிகளுக்கிடையே கைதட்டாமல் முடிவுவரை காத்திருப்பது இன்றைய வழக்கம்.

1824 மே 7 அன்று வியன்னாவில் அரங்கேற்றம். பீத்தோவன் மேடையில் நின்று காலகதி காட்டினார். கலைஞர்களோ உம்லாஃப் என்பவரைப் பார்த்தே வாசித்தனர். அரங்கம் கைதட்டலால் அதிர்ந்தது. அவருக்கோ கேட்கவில்லை! பாடகி கரோலின் உங்கர் அவரைச் சபையின் பக்கம் திருப்பினார். அசையும் கைகளையும் கைக்குட்டைகளையும் அவர் கண்ணால் கண்டார். அன்று கேட்டவர்கள் அனைவரும் நம்மைப்போல் முதன்முறை கேட்டவர்களே! 1827 மார்ச் 26 அன்று அவர் மறைந்தார்.

பள்ளிக்கூடம் போகாத என் தந்தையார் காப்பித் தோட்டத்தில் உழைத்து, தம்மால் படிக்க இயலாத புத்தகங்களை எனக்கு வாங்கித் தருகிறார். தம் காதில் விழாத இசையைப் பிறருக்காக எழுதிய பீத்தோவனை நினைக்கும்போது எனக்கு அவர் முகமே தோன்றுகிறது. செவியுள்ள நாம் அந்த இசையை ஒருமுறையேனும் கேட்போமாக!