தெஸுகா ஒஸாமு: ஒரு சரித்திரச் சுருக்கம்

இரவுச் சாப்பாடு முடிந்து மணி ஒன்பது அடித்ததும், எம் கலாசாலை விடுதியின் அறைகள்தோறும் கைப்பேசி வெளிச்சத்தில் இரண்டொருவர் தலைசேர்த்து அமர்ந்திருக்கக் காணலாம். அவர்கள் காண்பது பாடப்புத்தகம் அன்று. ஜப்பான் தேசத்தார் தீட்டி இயக்கும் சித்திரப் படங்கள். அனிமே என்று அவற்றை உலகம் வழங்கும். இவ்வன்பர் கூட்டத்துட் புதிதாய்ப் புகும் ஒருவன் முதலில் எதைக் காண்பது என்று வினவினானாயின், அவனுக்குக் கிடைக்கும் விடைகள் பத்து. பத்தும் ஒன்றோடொன்று பொருந்தா. சென்ற ஆண்டு முதல் வகுப்பிற் சேர்ந்த ஒரு மாணவனுக்கு மூத்தோர் ஒன் பீஸ் என்னும் தொடரைக் காட்டிவிட்டனர். 1999-ஆம் ஆண்டில் தொடங்கிய அத்தொடர் 1,100 பாகங்களைக் கடந்தும் முடிந்தபாடில்லை. பன்னிரண்டாம் பாகத்தில் அப்பிள்ளை களைத்துக் கைவிட்டான். அனிமே தனக்கு ஒவ்வாது என்றும் முடிவு கட்டிக்கொண்டான். ஆசிரியர் பக்கம் நோக்கினாலோ, குழந்தைகளின் பொம்மை வேடிக்கை என்று ஒதுக்குவாரே மிகுதி. யாமும் சில ஆண்டுகளுக்கு முன்வரை அவ்வாறு ஒதுக்கினவர்களே. எம் மனத்தை மாற்றியது ஒரு படமன்று. ஒரு மனிதரின் வாழ்க்கை. அதனையே ஈண்டு சுருங்கக் கூறப் புகுந்தனம்.

ஜப்பானியர் குலப்பெயரை முன்னும் இயற்பெயரைப் பின்னும் வைத்து வழங்குவர். அம்முறையில் தெஸுகா என்பது குலப்பெயர். ஒஸாமு என்பது பெற்றோர் இட்ட பெயர். அன்னார் 1928-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 3-ஆம் தேதி, ஒஸாகா நகரத்தை அடுத்த தொயொனாகாவிற் பிறந்தனர். அந்நாள் மெய்ஜி சக்கரவர்த்தியின் ஜன்மதினமாதலின், அவர் பெயரிலுள்ள ஓர் எழுத்தே குழந்தைக்குப் பெயராயிற்று. ஐந்து வயதளவில் குடும்பம் தகராஸுகாவில் குடியேறிற்று. வெந்நீரூற்றுக்களுக்கும், ஆண் வேடங்களையும் பெண்களே பூண்டு ஆடும் நாடக சபைக்கும் பெயர்பெற்ற ஊர் அது. அன்னையார் மகனை அந்நாடகங்களுக்கு அழைத்துச் செல்வர். தந்தையார் வீட்டிலேயே ஒரு சிறு படக்கருவி வைத்திருந்தனர். சாப்ளினும் டிஸ்னியும் அவ்வீட்டுக் கூடத்தில் தோன்றி மறைந்தனர்.

பள்ளியிலோ, சிறுவர் தெஸுகா மெலிந்த உடலும் சுருட்டை மயிரும் மூக்குக்கண்ணாடியுமாய் இருந்தமையின் ஏளனத்துக்கு இலக்கானார். அவர் நோட்டுப் புத்தகத்தில் வரைந்த சித்திரக்கதைகளே அவரைக் காத்தன. கேலி செய்த பிள்ளைகளே அடுத்த பக்கத்துக்குக் காத்திருக்கலாயினர். பூச்சி சேர்ப்பது அவருக்கிருந்த மற்றொரு பித்து. ஒஸாமுஷி என்பது ஜப்பானில் ஒருவகை வண்டின் பெயர். அது தம் பெயரை ஒத்திருக்கக் கண்டு, பூச்சியைக் குறிக்கும் எழுத்தொன்றைத் தம் பெயரோடு கூட்டிக்கொண்டார். இறுதிவரை அதனையே புனைபெயராக வழங்கினார்.

யுத்தம் முற்றிய காலத்தில் மாணவர்களெல்லாம் தொழிற்சாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். தெஸுகாவும் ஒஸாகாவில் ஓர் ஆயுதசாலையில் வேலை செய்தார். 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், குண்டுகளால் பாழ்பட்டிருந்த அந்நகரத்தில், ஆட்கள் அதிகமில்லாத ஒரு கொட்டகையில் அவர் தனியே அமர்ந்து ஒரு படம் கண்டார். மொமொதாரோ என்னும் கதைவீரனைக் கடற்படைத் தலைவனாக்கி, கடற்படையாரின் கட்டளைப்படி செயோ மித்ஸுயோ என்பவர் இயக்கிய சித்திரப் படம் அது. பிள்ளைகளுக்கு யுத்தவெறி ஊட்டவே எடுக்கப்பட்டது. பிள்ளைகளோ அப்போது நகரத்தை விட்டு நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். யுத்தத்திற்காக எடுக்கப்பட்ட அப்படத்தினுள்ளும் ஒளிந்துகிடந்த மென்மையைத் தெஸுகா கண்டுகொண்டார். கண்ணீர் பெருகிற்று. என்றேனும் ஒருநாள் தாமும் இத்தகைய படம் எடுப்பது என்று அவ்விடத்திலேயே உறுதி பூண்டார். சூன் மாதத்திலே ஆயுதசாலையின்மீது குண்டுமாரி பொழிந்தது. காவற் கோபுரத்தின் மேலிருந்த அவர் உயிர்தப்பினார். யோதோ ஆற்றங்கரையில் எரிந்துகிடந்த உடல்களைக் கண்டார். அக்காட்சி அவருடைய கதைகளில் பின்னர்ப் பலமுறை திரும்பி வரும்.

அவ்வாண்டே ஒஸாகா சர்வகலாசாலையின் வைத்தியப் பிரிவிற் சேர்ந்தார். அதற்குமுன் அவருடைய கைகளில் ஒரு தோல்நோய் பரவி, கைகளை இழக்கும் நிலை வந்தபோது ஒரு வைத்தியர் காத்தனர். அந்நன்றியே அவரை அக்கல்விக்குத் தூண்டிற்று. 1946-ஆம் ஆண்டு சனவரியில், பதினேழே வயதில், சிறுவர் பத்திரிகையொன்றில் அவர் சித்திரத் தொடர் வெளிவரத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு, ஸகாய் ஷிசிமாவோடு சேர்ந்து ஆக்கிய புதிய புதையல் தீவு என்னும் நூல் யுத்தத்தால் வறண்டுகிடந்த நாட்டில் இலட்சக்கணக்காக விற்றது. அதன் முதற் பக்கங்களில் ஒரு மோட்டார் வண்டி ஓடிவருவதை, படக்கருவி தொடர்ந்து செல்வதுபோலக் கட்டங்கட்டமாக வரைந்திருந்தார். காகிதத்தில் அசையாது நிற்கும் சித்திரம் ஓடுவதாகத் தோன்றிற்று. அதைக் கண்டு பேனா பிடித்த இளைஞர் பலர்.

பகலில் வைத்தியசாலை, இரவில் சித்திரம் என்று காலம் கழிந்தது. நோயாளிகளின் குறிப்பேட்டிலும் முகங்களை வரையும் வழக்கம் அவரை விடவில்லை. பேராசிரியர் ஒருவர் இவர் வைத்தியத்தொழிலை விட்டுவிடுதலே நோயாளிகளுக்கு நலம் என்று கருதினராம். எத்தொழிலைக் கொள்வது என்று அன்னையாரைக் கேட்டபோது, உள்ளம் விரும்புவதையே செய்யுமாறு அவ்வம்மையார் கூறிவிட்டனர். நம் நாட்டில் இவ்விரண்டிலொன்றைத் தெரிந்துகொள்ள நேர்ந்த பிள்ளைக்கு எவ்வீட்டில் அவ்விடை கிடைக்கும் என்று யாம் எண்ணிப் பார்த்ததுண்டு. ஆயினும் தெஸுகா படிப்பை இடையில் நிறுத்தவில்லை, தேறி வைத்தியரானார். 1961-ஆம் ஆண்டில், புகழின் உச்சியில் நின்றபோதும், நத்தைகளின் உயிரணுக்களை ஆராய்ந்து நாரா வைத்திய சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார்.

1952-ஆம் ஆண்டு தொடங்கிய ஆட்டம் என்னும் கதை அவர் பெயரை ஜப்பான் முழுதும் பரப்பிற்று. வண்டி விபத்தில் மகனை இழந்த விஞ்ஞானி ஒருவன், அம்மகனைப் போலவே ஓர் இயந்திரச் சிறுவனைச் செய்கின்றான். இயந்திரம் வளர்வதில்லை, வளராத மகனை வெறுத்து ஒரு சர்க்கஸ்காரனுக்கு விற்றுவிடுகின்றான். பிறகு அச்சிறுவன் மனிதருக்கும் இயந்திரங்களுக்கும் நடுவே நின்று இருபுறமும் அடிபடுகின்றான். அணுவின் பெயரைத் தாங்கிய இக்கதாநாயகன் ஹிரோஷிமா அழிந்து ஏழாண்டு கழியுமுன் தோன்றினான் என்பதை நினைவுகூர்தல் வேண்டும்.

நிற்க. கொட்டகையிற் செய்த உறுதியை அவர் மறந்தாரில்லை. சித்திரக்கதைகளால் ஈட்டிய பொருளைக்கொண்டு 1961-ல் தம் வீட்டருகே ஒரு படச்சாலை தொடங்கினார். பூச்சி என்று பொருள்படும் முஷி என்ற பெயரை அதற்கு இட்டார். 1962-ல் வெளியான தெருமூலைக் கதை, சுவரில் ஒட்டிய விளம்பரத் தாள்கள் யுத்தத்திற் கிழிபடுவதைக் காட்டும் 38 நிமிடப் படம். அது பரிசு பெற்றது, பணம் பெறவில்லை. அதன்பின் அவர் துணிந்த காரியமே இச்சரித்திரத்தின் நடுநாயகம். ஆட்டம் கதையை வாரந்தோறும் அரைமணி நேரம் தொலைக்காட்சியிற் காட்டுவதாக ஒப்புக்கொண்டார். அதுவரை ஜப்பானில் எவரும் செய்யாதது. அத்தொழில் அறிந்தோர் அனைவரும் ஆகாது என்றனர்.

காரணம் கணக்கே. படச்சுருள் ஒரு விநாடிக்கு 24 கட்டங்களாக ஓடும். செவ்வையாக இயக்க வேண்டுமாயின் விநாடிக்குப் பன்னிரண்டு சித்திரமேனும் வேண்டும். ஒரு வாரத்தில் அரைமணிப் படத்துக்கு அத்தனை வரைய எத்தனை கைகள் போதும்? தெஸுகா ஒரு சித்திரத்தை மூன்று கட்டங்களுக்கு நிறுத்தினார். விநாடிக்கு எட்டே போதுமாயிற்று. பேசும்போது வாய் மட்டும் அசைந்தது. உடல் அசையாது நின்றது. ஒருமுறை வரைந்த பறத்தலையும் ஓடுதலையும் சேமித்து வைத்து, வேறு வாரத்தில் வேறு வானத்தின்மேல் மறுபடி வைத்தனர். அசைவிற் குறைந்ததைக் கதையின் விறுவிறுப்பால் நிரப்பினார். 1963-ஆம் ஆண்டு சனவரி 1-ஆம் தேதி மாலை முதற்பாகம் வெளிவந்தது. 1966 டிசம்பர் வரை 193 பாகங்கள் நடந்தன. ஒரு காலத்தில் பார்வையாளர் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டினர். அமெரிக்காவிலும் ஆஸ்ட்ரோ பாய் என்ற பெயரால் அதே ஆண்டிற் காட்டப்பட்டது. இன்று அனிமே என்றதும் மாணவர் மனத்தில் எழும் அசையா முகமும், அசையும் வாயும், நீண்டு நிற்கும் ஒரு பார்வையும் அவ்வவசரத்திற் பிறந்த வழக்கங்களின் வழிவந்தனவே.

ஆனால் அவர் செய்த மற்றொன்றையும் மறைத்தல் தகாது. தொலைக்காட்சி நிலையத்தாருக்கு ஒவ்வொரு பாகத்தையும் செலவினும் குறைந்த விலைக்கே கொடுத்தார். குறைவை மிட்டாய்ப் பெட்டிகளில் ஆட்டம் படத்தை ஒட்டும் உரிமையாலும், அந்நிய தேச விற்பனையாலும், தம் சொந்தச் சம்பாத்தியத்தாலும் ஈடுசெய்தார். ஒருவருக்கு அஃது இயன்றது. பின்வந்தோருக்கு அவ்விலையே வழக்கமாயிற்று. அவர்களுக்கோ ஆட்டமும் இல்லை, மிட்டாயும் இல்லை. சித்திரம் தீட்டும் இளைஞரின் கூலி தாழ்ந்தே கிடந்தது. தெஸுகா மறைந்த 1989-ஆம் ஆண்டிலேயே, மியஸாகி ஹயாவோ இக்குற்றத்தை வெளிப்படையாக அவர்மீது சாட்டி எழுதினார். இறந்தோரைப் புகழும் நேரத்தில் அவ்வாறு எழுதத் துணிவு வேண்டும். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்குழு ஒன்றும் அனிமேத் தொழிலாளரின் குறைந்த ஊதியத்தையும் மிகுந்த வேலைநேரத்தையும் சுட்டி அறிக்கை விடுத்தது. எமக்குத் தோன்றுவது இது: அவ்விலைக்கு அவர் கொடாதிருந்தால் அத்தொடரே இல்லை, ஆயினும் ஒருவர் அன்பினால் செய்த தியாகத்தை மற்றவரிடம் கட்டாயமாக வாங்குதல் அநீதி. அறுபதாண்டுகளாக வாங்கியவர்களின் பங்கு அவர் பங்கினும் பெரிது. எப்படம் உயர்ந்தது என்று விடுதியில் நள்ளிரவு வரை வழக்காடும் அன்பர்கள், அதனை வரைந்த கைகளைப்பற்றி ஒரு வார்த்தை பேசக் கேட்டிலம்.

அவருடைய படச்சாலையும் பிழைக்கவில்லை. 1971-ல் அவர் தலைமையினின்று விலகினார்; 1973-ல் அது கடனில் மூழ்கிற்று. அங்குப் பயின்றோர் சிதறிப் போய் மேட்ஹவுஸ், சன்ரைஸ் முதலிய சாலைகளைத் தோற்றுவித்தனர். இன்றைய அனிமேயிற் பாதி அவ்வீட்டுப் பிள்ளைகளின் வழித்தோன்றல் எனினும் பொருந்தும். சித்திரக்கதையிலும் அவர் காலம் முடிந்தது என்றே பத்திரிகை உலகம் எண்ணிற்று. கடனும் அவமானமும் சூழ்ந்த அவ்வாண்டின் இறுதியில்தான், அனுமதிப்பத்திரம் இல்லாத அறுவை வைத்தியன் ஒருவனின் கதையாகிய பிளாக் ஜாக் தொடங்கிற்று. விட்டுவந்த வைத்தியம் அவரைத் தாங்கிப் பிடித்தது. கபிலவாஸ்துவில் தொடங்கும் புத்தர் சரித்திரத்தையும் பத்தாண்டுக்குமேல் வரைந்து முடித்தார்.

அன்னார் குற்றமற்றவர் அல்லர், பொறாமை மிக்கவர். இளையவர் எவரேனும் புகழ்பெற்றால் உறக்கம் கொள்ளார். இஷிநொமொரி ஷோதாரோ என்பார் தெஸுகாவின் பத்திரிகையிலேயே புதுமுறையில் ஒரு தொடர் வரைந்தபோது, அது சித்திரக்கதையே அன்று என்று வாசகர் ஒருவருக்குக் கடிதம் எழுதிவிட்டார். செய்தி இளைஞரின் செவிக்கு எட்டிற்று. அவர் மனமுடைந்து தொடரை நிறுத்த முனைந்தார். தெஸுகா தாமே அவர் இல்லம் தேடிச்சென்று, ஏன் அவ்வாறு எழுதினேன் என்று தமக்கே விளங்கவில்லை எனக் கூறி மன்னிப்புக் கேட்டார். ஒரு துறைக்கு முதல்வராயிருந்தவர் மாணாக்கர் நிலையிலிருந்தவரின் வாயிலில் தலைகுனிந்து நின்ற இச்செய்தி, அவர் எழுதிய ஒன்றரை இலட்சம் பக்கங்களினும் எம்மை மிகுதியாகக் கவர்ந்தது.

அன்பர்களை அவர் பெரிதும் மதித்தார். 1977-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சிலர் கூடி, மொழிபெயர்ப்பே இல்லாத ஜப்பானிய நாடாக்களைப் போட்டுப் பார்க்கும் சங்கமொன்றை அமைத்தனர். பாஷை தெரியாமலே பார்த்தவர்கள் அவர்கள். 1980-ல் ஸான் டியேகோவில் நடந்த சித்திரக்கதை விழாவுக்குத் தெஸுகா நேரிற் சென்று அத்தகைய அன்பரைக் கண்டு மகிழ்ந்தார். எழுத்துப் பெயர்ப்போடு காண்பது மேலா, குரல் பெயர்ப்போடு காண்பது மேலா என்று இன்று நடக்கும் சண்டையை அவர்கள் கேட்டால் நகைப்பார்கள்.

1989-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி, வயிற்றுப் புற்றுநோயால் டோக்கியோவில் அவர் உயிர்நீத்தார், வயது அறுபது. அக்கால ஜப்பானிய வழக்கப்படி நோயின் பெயர் அவருக்குக் கூறப்படவில்லை என்பர். வைத்தியராகிய அவர் உணர்ந்திருக்கமாட்டார் என்று நம்புதல் அரிது. படுக்கையிலும் பென்சிலைக் கைவிடவில்லை. மூன்று கதைகள் பாதியில் நின்றன.

முதலில் எதைக் காண்பது என்ற வினாவுக்கு வருவோம். புதியவனுக்குத் தொடர் வேண்டா. தெஸுகா 1984-ல் எடுத்த ஜம்பிங் ஆறு நிமிடப் படம். ஒருவன் துள்ளித் துள்ளிச் செல்வதை அவன் கண்வழியே காட்டுவது. ஊரும் காடும் கடலும் தாண்டி, யுத்தத்தின் நடுவே விழுந்து, நரகம் கண்டு, புறப்பட்ட சாலைக்கே மீள்கின்றான். ஏறக்குறைய 4,000 சித்திரங்கள். ஸாக்ரெப் விழாவில் முதற்பரிசு பெற்றது. அது பிடித்தால், 1988-ல் ஒரே நாளில் வெளிவந்த தொதொரோவும் மின்மினிகளின் கல்லறையும். பின்னது கோபே நகரத்துக் குண்டுவீச்சைப் பற்றியதாதலின், தெஸுகா கண்ட அதே சூன் மாதத்தைக் காட்டும். அதன்பின் ஆட்டத்தின் கதையினின்றும் கிளைத்த புளூட்டோ. 2023-ல் வந்தது, எட்டே பாகங்கள். ஒன் பீஸ் காத்திருக்கும். அதற்கு அவசரம் ஒன்றுமில்லை.

கைவிட்ட அம்மாணவனுக்கு இவ்வாண்டு ஒரு சனிக்கிழமை மாலை ஜம்பிங்கைக் காட்டினோம். முடிந்ததும் சற்று நேரம் வாளாவிருந்தான். பிறகு மற்றொருமுறை போடச் சொன்னான்.