நத்தார் படம் தந்த பிராங் கப்ரா

மார்கழி பிறந்து நத்தார் விடுமுறை தொடங்கியதும் அமெரிக்க நாட்டு இல்லங்களிற் பலரும் குடும்பமாகக் கூடியிருந்து பார்க்கும் படங்கள் சில உள. அவற்றுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுவது, ‘இட்ஸ் எ வொண்டர்புல் லைப்’ என்னும் கறுப்பு வெள்ளைப் படம். வாழ்வு வியத்தற்குரியது என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். மாணவனாயிருந்த காலத்தில் இப்படத்தைப் பற்றி நான் கேள்வியுற்றதெல்லாம், உயிரை மாய்த்துக்கொள்ளப் போன ஒருவனைத் தேவதூதர் ஒருவர் வந்து தடுக்கும் கதை என்பதே. அதுவே போதுமென்று இகழ்ந்து ஒதுக்கினேன். கண்ணீர்ப் படங்களை எள்ளி நகையாடுவது அறிவுடைமைக்கு அடையாளம் என்று எண்ணிய வயது அது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு நத்தார் விடுமுறையில், உறவினர் வீட்டுப் பிள்ளைகளோடிருந்து அப்படத்தை முழுமையாகப் பார்க்க நேர்ந்தது. சிற்றூர் ஒன்றிலே பிறந்த ஜோர்ஜ் பெயிலி என்பவன் உலகமெல்லாஞ் சுற்றிவர ஆசைப்படுகிறான். தந்தை இறக்கவே, ஏழைகளுக்கு வீடு கட்டக் கடன் கொடுக்கும் அவரது சிறு சங்கத்தைத் தாங்க வேண்டியவனாகி ஊரிலேயே தங்கிவிடுகிறான். நத்தார் நாளுக்கு முதல்நாள் அச்சங்கத்தின் 8,000 டொலர் தவறிப்போய், ஊர்ச் செல்வனான பொட்டர் கையிற் சிக்குகிறது. அவன் அதை மறைத்துவிடுகிறான். சிறை செல்லும் நிலைக்கு வந்த ஜோர்ஜுக்கு, அவன் பிறவாதிருந்தால் அவ்வூர் எப்படி இருந்திருக்கும் என்பதைத் தேவதூதர் காட்டுகிறார். படம் முடிந்ததும் சிறுவன் ஒருவன், பணத்தை ஒளித்த பொட்டருக்குத் தண்டனை ஏன் கிடைக்கவில்லை என்று என்னைக் கேட்டான். நல்ல கேள்வி. தீயவன் தண்டனை பெற்றே ஆகவேண்டும் என்ற தணிக்கை விதி ஹொலிவூட்டில் நிலவிய காலத்திலே, அவனைத் தன் பாட்டில் விட்டுவிட்ட நெறியாளர் எத்தகையவர் என்று அறிய விரும்பினேன். அவரது சரிதத்தைத் தேடிப் படித்தது அதன் பின்னரே.

பிராங் கப்ரா 1897ஆம் ஆண்டு மே மாதம் 18ஆந் திகதி சிசிலித் தீவிலுள்ள பிசக்குவினோ என்னும் ஊரிலே பிறந்தார். ஏழு பிள்ளைகளுள் இளையவர். 1903ஆம் ஆண்டிலே குடும்பம் கப்பலின் அடித்தட்டில், காற்றும் வெளிச்சமுமற்ற நெரிசலில், 13 நாட் பிரயாணஞ் செய்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஏழைகள் குடியிருப்பில் வளர்ந்த சிறுவன் தெருவிலே பத்திரிகை விற்றான். உடன்பிறந்தோர் பள்ளியை விட்டு வேலைக்குப் போகச் சொல்லியும், கேளாது கல்லூரி புகுந்தான். பின்னாளிற் கல்ரெக் என்று உலகப் புகழ் பெற்ற தொழினுட்பக் கழகமே அக்கல்லூரி. படிக்குங் காலத்திலே, 1916இல், தந்தையார் இறந்தார். 1918இல் இரசாயனப் பொறியியற் பட்டம் பெற்ற கப்ரா, சிறிது காலம் இராணுவத்திற் பீரங்கி வீரர்களுக்குக் கணிதம் போதித்துவிட்டு, நோயோடு வீடு திரும்பினார்.

இங்கேதான் அவர் வாழ்வில் என் மனத்தைத் தைத்த பகுதி வருகிறது. அக்குடும்பத்திலே கல்லூரி சென்றவர் அவரொருவரே. உழைப்பின்றி வீட்டிலிருந்தவரும் அவரொருவரே. பத்திரம் கையிலிருக்க வேலை கிடையாதிருக்கும் இளைஞனின் முகம் எத்தகையது என்பதை ஆசிரியத் தொழில் செய்த எவரும் அறிவர். கப்ரா ஊர்விட்டு ஊர் திரிந்தார். 1920களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவிலே, தாம் ஹொலிவூட்டிலிருந்து வந்தவர் என்று துணிந்து சொல்லி, கிப்ளிங்கின் கவிதையொன்றைத் தழுவிய குறும்படத்தை நெறிப்படுத்தும் வாய்ப்பைப் பெற்றார். சினிமா அவருக்குப் பிழைப்பாக வந்தது, பின்னரே கலையாயிற்று.

1928இல் கொலம்பியா நிறுவனத்திற் சேர்ந்தவர் சில ஆண்டுகளில் அதன் தூணானார். 1934ஆம் ஆண்டு ஒஸ்கார் விழாவில் நடந்ததை அவரே தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். சிறந்த நெறியாளரை அறிவித்தவர் பிராங் என்ற பெயரை மட்டுஞ் சொல்லி மேடைக்கு அழைத்தார். கப்ரா மகிழ்ந்து எழுந்து பாதி தூரம் நடந்த பின்னரே, அழைக்கப்பட்டவர் பிராங் லொயிட் என்ற வேறொருவர் எனத் தெரிந்தது. இருக்கைக்குத் திரும்பி நடந்த அந்தத் தூரமே தம் வாழ்வின் மிக நீண்ட வழி என்ற கருத்துப்பட அவர் அதனை நினைவுகூர்கிறார். அடுத்த விழாவிலே அவரது ‘இட் ஹப்பன்ட் வன் நைட்’ ஐந்து பெரும் விருதுகளையும் அள்ளிக்கொண்டது. 1938இன் படத்தோடு நெறியாளருக்கான விருது மூன்றாம் முறையும் அவருடையதாயிற்று. அதே ஆண்டில் அவர் தம் சின்னஞ்சிறு மகனைப் பறிகொடுத்தார். போர்க்காலத்தில் இராணுவத்திற்காக ஏழு செய்திப் படங்களை ஆக்கிய பணி தனிக் கட்டுரைக்கு உரியது.

நத்தார் படத்தின் கதைக்கும் ஒரு கதை உண்டு. பிலிப் வான் டோரன் ஸ்டேர்ன் என்ற எழுத்தாளர் தம் சிறுகதையை வெளியிட எவரும் முன்வராமையால், 1943இல் 200 பிரதி அச்சிட்டு நண்பர்களுக்கு நத்தார் வாழ்த்தாக அனுப்பினார். அதன் உரிமையை 10,000 டொலருக்கு வாங்கிய ஆர்.கே.ஓ. நிறுவனம், ஒன்றுஞ் செய்ய மாட்டாது கப்ராவிடம் விற்றது. போரிலிருந்து மீண்ட கப்ரா, பெரிய நிறுவனங்களுக்கு அடிமையாகாது தொழில் செய்ய, நண்பர்களுடன் லிபேட்டி பில்ம்ஸ் என்ற சொந்த நிறுவனம் தொடங்கியிருந்தார். நாயகனாக வந்த ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டும் போர் விமானியாயிருந்து அப்பொழுதுதான் திரும்பியவர். 1946ஆம் ஆண்டு கோடை வெயிலிலே, கலிபோர்ணியாவில், பனிமூடிய ஊரைப் படைத்தார்கள். முன்னெல்லாம் வெண்மை தீட்டிய சோளத் தட்டைகளே திரையிற் பனியாகும். மிதித்தால் நொறுங்குமாதலின் நடிகர் பேச்சை அப்போதே பதிவுசெய்ய இயலாது. கப்ரா குழுவினர் தீயணைக்கும் நுரையையும் சவர்க்காரத்தையும் நீரையுங் கலந்து, ஓசையின்றி விழும் பனியை உண்டாக்கினர். பாலத்தின் மீது ஜோர்ஜ் முணுமுணுக்கும் வேண்டுதல் நம் செவிக்குத் தெளிவாக எட்டுவது அதனாலேதான். பொறியியல் படித்தது வீண்போகவில்லை என்று எனக்குத் தோன்றிற்று.

1946 டிசம்பர் 20ஆந் திகதி நியூ யோர்க்கிற் படம் திரையிடப்பட்டது. போட்ட முதல் திரும்பவில்லை. ஐந்து துறைகளில் ஒஸ்காருக்கு முன்மொழியப்பட்டும் ஒன்றும் வெல்லவில்லை. விருதுகளைக் கொண்டுபோனது அவரது பங்காளியான வில்லியம் வைலர் வேறொரு நிறுவனத்துக்கு எடுத்துக் கொடுத்த படம். செல்வனைத் தீயவனாகக் காட்டியது பொதுவுடைமைப் பிரசாரமோ என்று மத்திய புலனாய்வுத் துறை 1947இல் ஐயக்குறிப்பு எழுதி வைத்தது. அதே ஆண்டில் லிபேட்டி பில்ம்ஸ் பரமவுண்ட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதன் பின்னர் கப்ராவின் கை தளர்ந்தது. 1952இல் பம்பாயில் நடந்த முதலாவது சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு வந்தார். மாணவர்க்கான விஞ்ஞானப் படங்கள் சில எடுத்தார். 1961இல் கடைசிக் கதைப்படம் வெளிவந்தது.

ஒரு குறையையும் சொல்லாது விடலாகாது. கப்ராவின் புகழ்பெற்ற படங்கள் பலவற்றுக்கு வசனம் எழுதியவர் ரொபேட் றிஸ்கின். 1971இல் வெளியான சுயசரிதையிலோ, ஒரு படம் ஒருவனுடைய ஆக்கமே என்ற கொள்கை ஓங்கி, றிஸ்கினுக்குரிய பங்கு சுருங்கிப்போயிற்று. அயலார் பலரின் துணையாலன்றி எவனும் வாழான் என்று காட்டும் படத்தை எடுத்தவர், தம் கதையை எழுதும்போது அதனை மறந்தது எனக்கு வருத்தமே தருகிறது. அந்தத் திறமான வேலையற்ற இளைஞனுக்கு, தன்னை நிலைநாட்டும் அவசரம் முதுமையிலும் தீரவில்லை போலும்.

அவரது படத்துக்கு மீட்சி கொடுத்தது ஒரு மறதி. 1974இல் பதிப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டியவர்கள் அதனைச் செய்யத் தவறினர். பணங் கொடுக்க வேண்டாதபடியால் சிறிய தொலைக்காட்சி நிலையங்கள் எல்லாம் ஒவ்வொரு நத்தாருக்கும், ஒரே நாளிற் பலமுறையும், அதனை ஒளிபரப்பின. கொட்டகைகளிற் பாராத சனங்கள் வீட்டிலே பார்த்தார்கள். பெற்றோரோடு பார்த்த பிள்ளைகள் தாம் பெற்றோரானபின் மீளப் பார்த்தார்கள். தாம் எடுத்தவற்றுள் தமக்கு மிகப் பிடித்ததென்று கப்ரா கருதிய படம் அது. முதியவரான அவருக்கு அது முப்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது.

1991ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆந் திகதி, 94ஆவது வயதிலே, கலிபோர்ணியாவிலுள்ள லா குவின்டாவில் கப்ரா காலமானார். இரண்டு ஆண்டுகளின் பின், மூலக்கதையின் உரிமையையும் இசையின் உரிமையையும் காட்டி ஒரு நிறுவனம் படத்தை மீண்டும் தன் கைவசப்படுத்தியது. யாரும் இலவசமாக ஒளிபரப்பும் காலம் அத்தோடு முடிந்தது. அவ்வுரிமைக்கு ஆதாரமாயிருந்த கதை, முன்பு 200 வாழ்த்து மடல்களாகத் தபாலிற் போன அதே சிறுகதைதான்.